மூலை இல்லாத சீட்டு

ஓசூர்
3 ஜூலை 2025

அன்புள்ள வின்சென்ட்,

நீயும் அமலோற்பவமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டுவிடாதே. என் எண்ணை நீ பிளாக் செய்து வைத்திருப்பதாக மகள் ஜாஸ்மின் சொல்கிறாள். பிளாக் செய்யாவிட்டாலும் பேச முடியாது. மார்ச்சில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தொண்டையில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. உன் அக்கா லூசியிடம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். முப்பது வருஷம் வகுப்பில் கத்தியவனுக்குச் சரியான தண்டனை என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் எட்டாம் வகுப்பு படித்த அரங்கநாதன் புதுச்சேரியில் பதிப்பகம் வைத்திருக்கிறான். நம் 'டேக்' (Take) புத்தகத்தை மறுபடி போட வேண்டும் என்கிறான். பஸ் ஏறினாலும், மாத்திரை விழுங்கினாலும், போட்டோ பிடித்தாலும், கோபித்துக்கொண்டாலும் இங்கிலீஷ்காரனுக்கு அந்த ஒரு வினை போதும். நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை அளவாக வெட்டி நாம் சீட்டு எழுதினோம். மேலே இங்கிலீஷ் வாக்கியம், கீழே தமிழ், வலது மூலையில் சாட்சிக் கையெழுத்து. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் யாராவது உண்மையில் செய்த காரியமாக இருக்க வேண்டும், அதற்கு நம்மில் மற்றவன் சாட்சி. சாட்சி இல்லாத சீட்டு புத்தகத்தில் சேராது. விதி நீ போட்டது.

சீட்டுகள் எல்லாம் உன்னிடம் தகரப் பெட்டியில் இருக்கின்றன. அனுப்புவாயா? ஜனவரியில் இன்னொரு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமுன் இந்த வேலை முடிந்தால் நல்லது.

லூசி உன்னை விசாரிக்கச் சொன்னாள் என்று எழுத ஆசை. அவள் சொல்லவில்லை. கதவோரமாக நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா லாரன்ஸ்

*

செஞ்சி
21 ஜூலை 2025

மாமாவுக்கு,

உங்கள் உடல்நிலை பற்றி அறிந்தேன். வருந்துகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். அமலுவுக்கு முட்டிவலி, எனக்கு ஒன்றுமில்லை.

'நம் புத்தகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2003 ஏப்ரலில் விழுப்புரத்து அச்சகத்திலிருந்து வந்த கட்டை நான்தான் பிரித்தேன். அட்டையில் 'ஆசிரியர்: எஸ். லாரன்ஸ்' என்று இருந்தது. உள்ளே புரட்டினேன், பின்னட்டையைப் பார்த்தேன், நன்றியுரையில் தேடினேன். எங்கும் என் பெயர் இல்லை. இருநூற்றுப் பதின்மூன்று சீட்டுகளில் நூற்று நாற்பது நான் எழுதியவை. "அட்டையில ஒரு பேருக்குத்தான் எடம் இருக்குன்னு அச்சகத்துக்காரன் சொல்லிட்டான்டா" என்றீர்கள். வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

அதன்பிறகும் இந்த ஊரில் எனக்கு நடந்தது அதேதான். போன ஜூனில் தலைமையாசிரியர் பதவி காலியானது. என்னைவிட ஆறு வருஷம் இளையவரான பெரியதம்பியை உட்கார வைத்தார்கள். பொறுப்பேற்ற அன்று அவர் கழுத்தில் மாலை போட்டவன் நான். சீனியர் என்பதால் அந்தக் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

சீட்டுகள் வேண்டுமானால் அட்டையில் என் பெயர் முதலில் வர வேண்டும். முன்னுரையில், முதல் பதிப்பில் அது ஏன் இல்லை என்பதை உங்கள் கையால் எழுத வேண்டும். அச்சகத்துக்காரன் கதை வேண்டாம்.

கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தார்கள், திருவண்ணாமலை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை நடக்க முடியவில்லை.

அக்கா நலமாக இருக்கட்டும்.

வின்சென்ட்

*

ஓசூர்
28 ஜூலை 2025

அன்புள்ள வின்சென்ட்,

அமலுவின் முட்டிக்கு லூசி ஒரு தைலம் சொல்கிறாள், அதைக் கடைசியில் எழுதுகிறேன். நான் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். இரவில் துளையில் சளி அடைத்துக்கொள்ளும், லூசி எழுந்து துடைப்பாள்.

உன் பெயர் முதலில் வரும். அரங்கநாதனுக்கு எழுதிவிட்டேன். முன்னுரையில் போட வேண்டியதை இப்போதே எழுதுகிறேன், பார்த்துக்கொள்: "அச்சகத்தில் இரண்டு பெயருக்கும் இடம் இருந்தது. அச்சுக்கோத்தவர் இரண்டையும் வைத்திருந்தார். வின்சென்ட்டின் பெயரை எடுக்கச் சொன்னவன் நான். அவனுடைய வாக்கியங்கள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. ஒரு புத்தகமாவது எனக்கே எனக்கு என்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்." இதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "டேக் எ டீப் பிரெத்" என்றாள். மூச்சு இழுப்பதற்கும் அதே வினை! நம்மிடம் அந்தச் சீட்டே இல்லை என்று மயக்க மருந்து ஏறும் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஓசூரில் நடந்தது விதிப்படி செல்லாது. ஊரில் யாராவது மூச்சு விட்டால் எழுதி வை.

தைலம்: நல்லெண்ணெயில் நொச்சி இலையும் பூண்டும் போட்டுக் காய்ச்சித் தேய்க்க வேண்டும். உன் அக்காதான் சொன்னாள், நான் கேட்காமலே.

லாரன்ஸ்

*

செஞ்சி
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

நேற்று மாதா திருநாள் பூசைக்கு அமலு நடந்தே போனாள். தைலம் பிடித்திருக்கிறது. அக்காவிடம் சொல்லுங்கள்.

முன்னுரையைப் பலமுறை படித்தேன். நீங்கள் மறுப்பீர்கள், நானும் பதிலுக்கு எழுதலாம் என்று நான்கு பக்கத்துக்கு வசவு யோசித்து வைத்திருந்தேன். இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தகரப் பெட்டியை இறக்கினேன். நாம் பிரித்துக் கட்டியபடியே இருக்கிறது: ஏறும் கட்டு, விழுங்கும் கட்டு, பிடிக்கும் கட்டு, கோபிக்கும் கட்டு, தூங்கும் கட்டு. ரப்பர் பேண்டு எல்லாம் உருகி ஒட்டிவிட்டது. பள்ளிக்கு எடுத்துப்போய் மதிய இடைவேளையில் துடைத்துக்கொண்டிருந்தபோது பச்சைமுத்து வந்தார். ஞாபகம் இருக்குமே, மணி அடிப்பவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மணி அடிக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறார்.

"இன்னா சார், அந்தச் சீட்டுக் கட்டா? நான் இதுல நாலு எடத்துல இருக்கறேன் சார்."

"ஆறு இடம்."

"அப்ப எனக்குத் தெரியாம ரெண்டு எழுதியிருக்கீங்க. படிங்க, கேப்போம்."

'பச்சைமுத்து குளிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்' என்று படித்தேன்.

"யாரு சொன்னது? அரை மணிதான். ஊட்ல கொழாய்ல தண்ணி வந்தாத்தானே! லாரன்ஸ் சார் எழுதினதா? நல்லா எழுதுவாரு. வாய் பேச முடியலியாமே? பாவம் சார், பேசியே பொழச்ச மனுசன்."

அப்புறம் ஒரு கட்டை எடுத்துத் தன் துண்டால் துடைத்தார். "அவரு ஏன் சார் திடீர்னு வேலைய வுட்டுட்டுப் போனாரு?" என்றார். மணி ஆகிவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஐந்து கட்டுகளையும் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வின்சென்ட்

*

ஓசூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வின்சென்ட்,

ஆண்டவர் புண்ணியத்தில் கட்டுகள் சேதமில்லாமல் வந்தன. நானும் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறேன்.

கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டேன். லூசி படுக்க இடமில்லாமல் ஹாலில் படுக்கிறாள். பனமலை ஏரிக்கரையில் தைலம்மாளைப் போட்டோ பிடித்த சீட்டு, சீயமங்கலம் பஸ்ஸில் நீ ஏறி நான் ஏறாமல் விட்ட சீட்டு, எல்லாம் உன் எழுத்து. உன்னுடையதெல்லாம் நன்றாக இருக்கிறது. பொறாமை இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு சங்கதி. தூங்கும் கட்டில் எட்டுக்குப்பின் பத்து வருகிறது. ஒன்பதாவது இல்லை. நான் எழுதி நீ சாட்சி போட்டது: 'தாளாளர் தனசேகரன் தினமும் மதியம் கெமிஸ்ட்ரி லேபில் ஒரு தூக்கம் போடுகிறார்.' அச்சுக்குப் போகும்போது பயந்து வெளியே வைத்தோம். அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது, இனிப் போடலாம். பெட்டியின் அடியில் கிடக்கிறதா பார்.

பதிலை எதிர்பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

லாரன்ஸ்

*

செஞ்சி
12 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் காலாண்டுத் தேர்வும் விடைத்தாளும். இங்கே எல்லாரும் நலம்.

பெட்டியில் பார்த்தேன், இல்லை. எலி தின்றிருக்கும். ஒரு சீட்டு குறைந்தால் புத்தகம் நின்றுவிடாது. தூங்குவதற்குப் பதின்மூன்று வாக்கியம் போதாதா? இறந்தவரைப் பற்றி எதற்கு?

பெரியதம்பி என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து ஆறாம் வகுப்புக்குப் போட்டுவிட்டார். இந்த மனநிலையில் நான் வேறு எதையும் எழுதுவதற்கில்லை. மெய்ப்பு வந்தால் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

வின்சென்ட்

*

ஓசூர்
2 நவம்பர் 2025

தம்பி வின்சென்ட்டுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். நைனா, அம்மா கல்லறைக்கு நீ மெழுகுவத்தி ஏற்றியிருப்பாய். எனக்கும் சேர்த்து ஏற்றினாயா? நான் இங்கே கோயிலில் ஏற்றினேன்.

அம்மா அடக்கத்தில் நீ என் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதும் நான் கேட்கவில்லை, உங்கள் ரெண்டு பேர் சண்டை என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். அந்த எலி கடிதம் வந்ததிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டிலில் இருந்த சீட்டையெல்லாம் கட்டிவைத்துவிட்டார். ஆனால் பதினோரு மணிக்குத் தபால்காரர் வருகிற நேரம் கேட்டுக்குப் போய் நிற்கிறார். "யாரு எழுதப் போறாங்கன்னு வெயில்ல நிக்கறீங்க?" என்று நான் கத்துகிறேன். சிலேட்டில் 'மச்சான்' என்று எழுதிக் காட்டுகிறார்.

இவருக்கு வேலை எதனால் போனது என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. ஜாஸ்மினுக்கு அப்போது நாலு வயசு. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்து லாரியில் ஏறினோம். கேட்டால், "நான் எழுதின சீட்டு, நான் அனுபவிக்கிறேன், வுடு லூசி" என்பார். ஓசூரில் மறுபடி பள்ளி வேலை கிடைக்கும்வரை ரெண்டு வருஷம் கம்பெனி வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தார் உன் மாமா. இங்கிலீஷ் எம்.ஏ.

உனக்கு ஏதாவது தெரிந்தால் அவருக்கு எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. ஜனவரி ஒன்பதாம் தேதி ஆபரேஷன்.

அமலுவுக்கு முட்டி எப்படி? தைலம் தீர்ந்தால் மறுபடி காய்ச்சச் சொல்.

அக்கா லூசி

*

ஓசூர்
20 நவம்பர் 2025

அன்புள்ள வின்சென்ட்,

சுகம்தானே? நான் இருக்கிறேன்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். தூங்கும் கட்டு, ஒன்பது. உன் பெட்டியில் இருக்காது என்று தெரிந்துதான் உன்னைத் தேடச் சொன்னேன். அது சின்னத்தனம், மன்னித்துக்கொள்.

2003 ஆகஸ்டில் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இதைப் போட்டு, "இது யார் எழுத்து?" என்றார். என்னுடையது என்றேன். "இதை யாருக்கெல்லாம் காட்டினே?" என்றார். நான் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வலது மூலை இல்லை. கிழியவில்லை, எலி கடிக்கவில்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. அங்கே ஒரு கையெழுத்து இருந்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். "யாருக்கும் காட்டலைங்க" என்றேன். வேலை போனது, சீட்டு என் சட்டைப் பையில் வந்தது.

வீரம் ஒன்றுமில்லை. உன் பெயரை அட்டையிலிருந்து நான் எடுத்திருந்தேன், நீ சீட்டிலிருந்து எடுத்திருந்தாய், சரியாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். ஓசூரில் டோக்கன் கொடுத்த நாட்களில் சரியாகப் போகவில்லை என்று நினைத்தேன். இப்போது எதையும் நினைக்கத் தெம்பு இல்லை.

லூசிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி.

இந்தச் சீட்டைப் புத்தகத்தில் சேர்க்க ஆசை. சாட்சி இல்லாமல் முடியாது. ஜனவரி எட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்கிறேன்.

லாரன்ஸ்

*

செஞ்சி
27 டிசம்பர் 2025

அன்புள்ள மாமா,

பண்டிகை நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் கேக் வாங்கினோம். நான் சாப்பிடவில்லை.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஏழு முறை எழுதிக் கிழித்தேன். ஏழிலும் நான் பட்டது முதலில் வந்தது. அட்டை, பெரியதம்பி, ஆறாம் வகுப்பு. எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது. இதில் வரிசையை மாற்றிப் பார்க்கிறேன்.

அந்தச் சீட்டைத் தாளாளரின் தபால் பெட்டியில் போட்டவன் நான். புத்தகம் வந்த நாலாவது மாதம். அலுவலக அறையில் கத்தரிக்கோல் வாங்கி, என் கையெழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, மடித்துப் போட்டேன். வெட்டிய மூலையை வாயில் போட்டு மென்று துப்பினேன். ஒரு மெமோ கொடுப்பார், நாலு பேர் முன்னால் நிற்க வைப்பார் என்று எண்ணினேன். வேலையே போகும் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் போடாமல் இருந்திருப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் லாரி ஏறிய அன்று நான் வகுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியாக லாரி தெரிந்தது. அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஜாஸ்மின். ஏழாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது நம் வினையைத்தான். எந்த வாக்கியம் என்று நினைவில்லை.

அதன்பின் இருபத்திரண்டு வருஷம் அட்டையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பேசுகிறவரை மற்றது நினைவுக்கு வராது.

போன வாரம் பச்சைமுத்துவைத் தேடிப்போனேன். டீக்கடையில் இருந்தார். "பச்சைமுத்து, அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல கத்தரிக்கோல் குடுத்தது யாரு?" என்றேன்.

"நான்தான் சார் குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"வெட்டினதப் பாத்தேன். பெட்டில போட்டதையும் பாத்தேன்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்னய யாரு சார் கேட்டாங்க? மணி அடிக்கிறவன் சொன்னா எடுபடுமா? போன ஆகஸ்ட் மாசம் நீங்களே சொல்லுவீங்கன்னுதான் கேட்டுப் பாத்தேன். டக்குன்னு கிளாசுக்குப் பூட்டீங்க." பிறகு, "டீ ஆறுது, குடிங்க சார்" என்றார். நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். அதைச் சீட்டாக எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாம் திருந்த மாட்டோம் மாமா.

சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. உங்கள் கல்யாணத்துடையதுதான், வேறு இல்லை. அதன் ஓரத்தில் முக்கோணமாக வெட்டி, மூலையில் வைத்து ஒட்டி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிறம் ஒத்துவரவில்லை. பார்க்கிற யாருக்கும் ஒட்டு தெரியும்.

அட்டையில் என் பெயரை முதலில் போட வேண்டாம். உங்களுக்குப் பின்னால் போடுங்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை. முன்னுரையில் உங்கள் வரிகளுக்குக் கீழே இந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தியைச் சேர்த்துவிடுங்கள். அதிலும் ஒரு எழுத்தை மாற்றக் கூடாது.

அக்காவிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். எட்டாம் தேதிக்கு முன் கொடுங்கள்.

உங்கள் மச்சான்
வின்சென்ட்

*

ஓசூர்
5 ஜனவரி 2026

வின்சென்ட்டுக்கு,

புது வருஷம் உங்கள் எல்லாருக்கும் நல்லதாக இருக்கட்டும்.

உன் கடிதம் முந்தாநாள் பதினோரு மணிக்கு வந்தது. கேட்டிலேயே நின்று பிரித்தார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒட்டின இடத்தை நகத்தால் தடவினார். உள்ளே வந்து சிலேட்டில், 'பசை அதிகம்' என்று எழுதினார். அப்புறம் தூங்கும் கட்டைப் பிரித்து எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். அன்றைக்கு ரெண்டு வேளை கஞ்சி குடித்தார். மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

கடிதத்தை நானும் படித்தேன். ஒரு நாள் முழுக்க அவரோடும் பேசவில்லை, உன்னோடும் மனசுக்குள் பேசவில்லை. எனக்குச் சொல்ல நிறைய இருக்குது. அதை எழுத முடியாது, உன்னை எதிரில் நிற்க வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் என் அடுப்பங்கரையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன் வின்சென்ட். அதிலிருந்து ஆரம்பிப்பேன்.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். எட்டாம் தேதி காலையில் சேர்க்கிறோம். ஏழாம் தேதியே திருவண்ணாமலை போய் கிருஷ்ணகிரி பஸ் பிடித்தால் சாயங்காலம் இங்கே வந்துவிடலாம். ஹாலில் பாய் போடுகிறேன். அமலுவால் முடிந்தால் கூட்டி வா.

கத்தரிக்கோலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அக்கா